சமையலறை டியூப்லைட்டை எல்இடிக்கு மாற்றுகிறீர்களா? கவனிக்க வேண்டியவை என்னென்ன?

கொச்சி: குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பைப் பொருத்துவது எளிது. ஆனால், சமையலறையின் பழைய டியூப்லைட்டை மாற்றுவது மின் இணைப்பையே மாற்றும் பணியாகும். அதில் நேரும் சிறு பிழையும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

நாடு முழுவதும் எல்இடி பல்புகளைக் குறைந்த விலையில் வழங்கும் 'உஜாலா' திட்டம் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கப்பட்டது. இதன்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. கேரளத்தில் மாநில மின்சார வாரியம் 'இழையில்லா கேரளம்' திட்டத்தைச் செயல்படுத்தியது. குண்டு பல்பு, சிஎஃப்எல் ஆகியவற்றின் விற்பனைக்கு 2020 நவம்பர் முதல் தடை விதிக்கப்படும் என அம்மாநில அரசு அதே ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தது.

டியூப்லைட்டை ஏன் மாற்ற வேண்டும்?

டியூப்லைட்டில் பாதரசம் உள்ளது. இந்தியாவும் இணைந்துள்ள மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாட்டில், பொது வெளிச்சத்துக்கான டியூப்லைட்டுகளின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதியை 2027-க்குள் படிப்படியாக நிறுத்த முடிவு செய்யப்பட்டது. வீட்டில் ஏற்கெனவே உள்ளவற்றைப் பயன்படுத்த இதனால் தடையில்லை.

மின்சாரச் சேமிப்பும் கணிசமானது. 40 வாட் டியூப்லைட், சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 50 வாட் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடான எல்இடிக்கு 20 வாட் போதும். நாள்தோறும் 6 மணி நேரம் எரிந்தால், ஆண்டுக்குச் சுமார் 65 யூனிட் மிச்சமாகும்.

ஆபத்து எங்கே?

சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. சில வீடுகளில் சுவிட்ச், ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் ஃபிட்டிங்கில் மின்சாரம் இருக்கும். அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக ஒளிர்வது இதன் அறிகுறியாக இருக்கலாம். எனவே, மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே ஃபிட்டிங்கைத் தொட வேண்டும்.

மட்டாஞ்சேரி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. பழைய வீடுகளில் ஹோல்டர், கம்பி ஆகியவற்றின் நிலையையும் உரிமம் பெற்ற வயர்மேன் மூலம் பரிசோதிப்பது நல்லது.

இரண்டு வழிகள்

பழைய ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூப்பைப் பொருத்தலாம். சில வகைகளுக்கு ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றினால் போதும். வேறு சிலவற்றுக்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி நேரடி இணைப்பு தர வேண்டும். டியூப்பின் மீதோ அட்டைப்பெட்டியிலோ அச்சிடப்பட்ட இணைப்புப் படத்தைப் பின்பற்றுவது அவசியம். நேரடி இணைப்பு தந்த ஃபிட்டிங்கில் மீண்டும் பழைய டியூப்லைட்டைப் பொருத்தக் கூடாது.

ஃபிட்டிங் துருப்பிடித்திருந்தால், முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிய எல்இடி விளக்கைப் பொருத்துவதே பாதுகாப்பானது. அதில் பிஐஎஸ் தரக்குறி உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும்.

சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால், காய் நறுக்கும் இடத்தில் நிழல் விழும். ஆகவே, சமையல் மேடைக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வெளிச்சம் விழுமாறு இடத்தைத் தேர்வு செய்யலாம். அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் புகையும் நேரடியாகப் படும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

பழைய டியூப்பை என்ன செய்வது?

கழற்றிய டியூப்பை உடைக்கவோ குப்பையில் வீசவோ கூடாது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் பாதரச விளக்குகளும் மின்னணுக் கழிவாகும். அவற்றைத் தனியாக வைத்திருந்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தவறுதலாக உடைந்துவிட்டால், சன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அறையைவிட்டு வெளியேற வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ பயன்படுத்தாமல், தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, மூடியுள்ள கலனில் இட வேண்டும். மேடையில் திறந்திருந்த உணவை உண்ணாமல் அப்புறப்படுத்துவதே பாதுகாப்பானது.