விடியலில் ஒரு வரி – 6: தீர்ந்துபோன காலண்டர்

சென்ற வாரம் மார்க்கஸ் அரேலியஸைப் பார்த்தோம். இந்த வாரம் அவரை விடாமல் படித்த ஒரு கிழவரைப் பார்ப்போம்.

1903 ஜனவரி. யாஸ்னயா பொல்யானா பண்ணை வீட்டில் டால்ஸ்டாய் நோயில் படுத்திருந்தார். வயது 74. அறையில் தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் ஒன்று. நம் சிவகாசிக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது போக அடியில் ஒரு பொன்மொழி ஒண்டிக்கொண்டிருக்குமே, அதுபோல அதிலும் சான்றோர் வாசகங்கள் இருந்தன. படுக்கையில் அதைத்தான் படித்துவந்தார். பழைய ஆண்டு முடிந்திருந்தது, காலண்டரும் தீர்ந்திருந்தது. புதியது கைவசம் இல்லை. சரி, நாமே தொகுத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆசை பழையதுதான். எபிக்டெட்டஸ், லாவோட்சு, புத்தர், பாஸ்கல் என்று தனக்கொரு வாசிப்பு வட்டம் வேண்டுமென 1884-லேயே நாட்குறிப்பில் எழுதியிருந்தார். நோய் அதற்கு நேரம் கொடுத்தது. நாளுக்கொரு சிந்தனையாக அந்தத் தொகுப்பு 1903-லேயே வெளிவந்தது. வெளியிட்டது போஸ்ரெத்னிக், குடியானவனும் வாங்கக்கூடிய விலைக்குப் புத்தகம் போட அவரும் அவர் சீடர் செர்த்கோவும் சேர்ந்து தொடங்கிய பதிப்பகம்.

அதோடு மனம் ஆறவில்லை. விரித்து 'வாசிப்பு வட்டம்' ஆக்கினார். ஒரு நாளுக்கு ஒரு பொருள்: கோபம், உழைப்பு, மரணம். வாரக் கடைசியில் ஒரு கதையோ கட்டுரையோ. செகாவின் 'கண்மணி' கதையைச் சேர்த்து, அதற்குத் தானே ஒரு பின்னுரையும் எழுதினார். கேலி செய்யப் புறப்பட்ட செகாவ், தன்னை அறியாமல் கதை நாயகியை வாழ்த்திவிட்டார் என்பது அவர் கட்சி.

எனக்குப் பிடித்தது முன்னுரை. பல வாசகங்களை மூலத்திலிருந்து எடுக்கவில்லை, வேறு மொழிபெயர்ப்புகளிலிருந்து எடுத்தேன். நீளமானதைக் குறைத்தேன், சில இடங்களில் சொற்களையே மாற்றினேன் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். இதை வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் மூலத்தைத் தேடி அலைய வேண்டாம், என் ரஷ்ய வாசகத்தையே பெயர்த்தால் போதும் என்கிறார். பேராசிரியர்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். யாரோ சொன்னதை அப்துல் கலாம் தலையில் கட்டி, ரோஜாப்பூப் படத்தோடு காலை ஐந்தரைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பும் உறவினரும் ஏறக்குறைய இதைத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். அவர் விரலால் தள்ளிவிடுகிறார். இவர் பேனாவோடு உட்கார்ந்து, அந்த வரி தனக்குப் பொருந்தும்வரை அடித்துத் திருத்தினார். வாசகம் கெட்டிருக்கலாம், ஆனால் அது அவருக்குள் இறங்கியது.

இறங்கி என்ன பயன்? வீடு கொதித்துக்கொண்டிருந்தது. நூல்களின் உரிமை யாருக்கு, உயில் எங்கே, நாட்குறிப்புகளை யார் வைத்துக்கொள்வது என்று மனைவி சோஃபியாவோடு ஓயாத சண்டை. 1910-ல், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் 28 அன்று, விடியுமுன் மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். நவம்பர் 7 அன்று அஸ்தாபவோ ரயில் நிலையத்தில் உயிர் பிரிந்தது. தினமும் கோபத்தைப் பற்றியும் அன்பைப் பற்றியும் படித்தவர் கதி இதுதானா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாந்தமான ஆளுக்குக் கோபத்தைப் பற்றிய வரி எதற்கு? அவருக்கு அது வேண்டியிருந்தது. அதனால்தான் ஒருமுறை தொகுத்ததை மறுபடி மறுபடி தொகுத்தார். கடைசித் தொகுப்பான 'வாழ்க்கைப் பாதை' அவர் போன பிறகே புத்தகமானது.

இந்தத் தேடலில் நம் வள்ளுவரும் அகப்பட்டிருக்கிறார். 1908-ல் இந்தியப் புரட்சியாளர் தாரகநாத் தாஸுக்கு எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்ற நெடுங்கடிதத்தில் இன்னாசெய்யாமை அதிகாரத்துக் குறள்களை எடுத்தாண்டார். அதைப் படித்த காந்தி அனுமதி கேட்டு எழுதி, தென்னாப்பிரிக்காவில் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். அந்த இதழையும், ஃபீனிக்ஸ் பண்ணையில் அதை அச்சடித்தவர்களின் காலை நேரத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)