ஈவா ஸ்மித்தும் நம் இல்லங்களும்

நாடகம் பொழுதுபோக்கிற்காக மட்டும் ஏற்பட்டதன்று. பார்ப்பவரைத் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளச் செய்யும் நாடகங்களும் உள. ஜே. பி. பிரீஸ்ட்லி ஆங்கிலத்தில் எழுதிய 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' அத்தகையது. 1945-இல் சோவியத் நாட்டிலும், மறு ஆண்டில் லண்டனிலும் அரங்கேறிய இந்நாடகத்தைப் பிரிட்டிஷ் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கின்றனர். பெங்களூர் வாழ் தமிழ்க் குடும்பங்களும் இதனைப் படித்தறிய வேண்டும் என்பது நம் கருத்து.

கதை நடப்பது 1912-இல். ஆலை முதலாளி பர்லிங், மகளின் திருமண நிச்சய விருந்தில் பெருமிதத்துடன் அமர்ந்திருக்கிறார். மாப்பிள்ளை மற்றொரு பெருமுதலாளியின் மகன். யுத்தம் வாராது, டைட்டானிக் கப்பல் மூழ்காது, அவரவர் தத்தம் குடும்பத்தைக் கவனித்தால் போதும் என்கிறார் பர்லிங். அவ்வேளையில் ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஈவா ஸ்மித் என்னும் ஏழைப்பெண் கிருமிநாசினியைக் குடித்து மாண்டாள் என்று அறிவித்து, ஒவ்வொருவரையும் வினவுகிறார்.

வாரக்கூலி 22½ ஷில்லிங்கை 25 ஆக்கக் கேட்டு வேலைநிறுத்தத்தில் முன்னின்றமைக்காக அவளை நீக்கியவர் பர்லிங். கடை வேலையையும் இழக்கச் செய்தவள் அவர் மகள். மாப்பிள்ளையும் மகனும் அவளைத் தம் இன்பத்திற்குப் பயன்படுத்தினர். கருவுற்று உதவி நாடி வந்தவளை, தர்மச் சங்கத் தலைவியாகிய பர்லிங்கின் மனைவி விரட்டினாள். திருட்டுப் பணத்தை அப்பெண் ஏற்க மறுத்தாள் என்பதையும் அவ்வம்மை நம்பவில்லை. ஏழைக்கு மானம் ஏது என்பதே அவள் எண்ணம்.

வந்தவர் மெய்யான இன்ஸ்பெக்டர் அல்லர் என்று தெரிந்ததும் பெரியவர்கள் மகிழ்கின்றனர். பிள்ளைகள் இருவர் மட்டும், தாம் செய்தது செய்ததே என்று வருந்துகின்றனர். மானக்கேடு வேறு, குற்றம் வேறு என்பதை உணர்ந்தவர் அவ்விருவரே.

இனி, நம் நகருக்கு வருவோம். 1884-இல் தோன்றி, பின்னி மில் என்று வழங்கிய ஆலை, இங்கு குடியேறிய தமிழர் பலருக்கு வாழ்வளித்தது. சங்கொலி கேட்டு விழித்த அக்குடும்பங்களுக்கு ஈவாவின் கதை அந்நியமன்று. 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியைப் பெறுவதற்கு மத்திய அரசு விதித்த புதிய கட்டுப்பாட்டை எதிர்த்து, இந்நகரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். அவ்விதி கைவிடப்பட்டது. ஈவா தனித்து நின்றாள். இவர்கள் சேர்ந்து நின்றனர்.

ஆனால் நம் அடுக்களையில் பாத்திரம் துலக்கும் பெண் இன்றும் தனித்தே நிற்கிறாள். கூலிக்காரராய் வந்த குடும்பங்களிற் பல இன்று கூலி கொடுக்கும் நிலையை எய்தியுள்ளன. உயர்வு மகிழ்ச்சிக்குரியதே. எனினும், காய்ச்சலில் படுத்த நாளுக்கு அவள் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? நூறு ரூபாய் கூட்டிக் கேட்டால் வேறு ஆள் தேடுகிறோமா? அவளுக்கெனத் தனித் தம்ளர் வைத்திருக்கிறோமா? எந்த இன்ஸ்பெக்டரும் வந்து கேட்கமாட்டார். நம் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு விடை சொல்லக் கூடியவாறு நாம் நடந்துகொள்ளுதல் வேண்டும்.