நான்கவுரி: கப்பல் ஒதுங்கிய கரை

நம் விடுதியில் யாராவது சற்றே குறும்பும் கலந்த கெட்டிக்காரத்தனத்தால் ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டால், "அவன் பெரிய எம்டன் அப்பா!" என்கிறோம். பக்கத்து அறை வங்காளி நண்பர்களுக்கு இச்சொல் விளங்குவதில்லை. விளங்க நியாயமும் இல்லை. 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசியது சென்னையின் மீது; கல்கத்தாவின் மீதன்று. துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊர் கதிகலங்கியது, ஒரு கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாயிற்று.

அந்தக் கப்பல் சென்னையை விட்டு எங்கே சென்றது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இலங்கையைச் சுற்றித் தெற்கே இறங்கி, தியாகோ கார்சியாவில் தங்கி, மீண்டும் கிழக்கே திரும்பி, அக்டோபர் 26 ஆம் நாள் நிக்கோபார்த் தீவுகளின் நடுவே ஒரு துறைக்குள் நுழைந்து நங்கூரம் பாய்ச்சியது. முன்பே பிடித்து வைத்திருந்த ஆங்கிலக் கரிக்கப்பலிலிருந்து நிலக்கரியை மாற்றி ஏற்றிக்கொண்டது. இரண்டு நாள் கழித்துப் பினாங்கு துறைமுகத்தில் ஒரு ருஷ்யக் கப்பலையும் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. எம்டன் கரி ஏற்றிய துறைதான் நான்கவுரி.

தீவோ ஆங்கிலேயருடையது. தேடப்படும் கப்பலோ ஆங்கிலேயரின் தலையாய பகை. ஆயினும் அங்கே அதைத் தடுப்பார் இல்லை. இந்தியப் பெருங்கடலின் அருமையான இயற்கைத் துறைகளில் ஒன்று ஏன் அவ்வாறு காலியாகக் கிடந்தது? இந்த வினாதான் என்னை நூலகத்துக் கடற்படங்களின் பக்கம் இழுத்தது.

படத்தை விரித்தால் முதலில் ஒரு வியப்பு. கன்னியாகுமரியிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனால், இலங்கையைக் கடந்து, ஏறத்தாழ 1750 கி.மீ. தொலைவில் அக்கோடு நான்கவுரித் துறையை ஒட்டிச் செல்லும். இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டாம் பாகையில் உள்ளன. பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அந்தமானாகவும் நிக்கோபாராகவும் ஆங்காங்கே தலை நீட்டி, சுமத்ராவில் மீண்டும் கரை ஏறுகிறது. நாம் தீவு என்பது அந்த மலையின் முடியே.

நிக்கோபார்த் தீவுகளுள் எல்லாவற்றுக்கும் துறைமுகப் பேறு வாய்க்கவில்லை. மக்கள் மிகுந்த கார் நிக்கோபார் தட்டையான பவளத் தீவு. அதன் திறந்த கரையில் அலை ஓய்வதில்லை. நடுக்கூட்டத்தின் அமைப்பு வேறு. வடக்கே கமோர்ட்டா, தெற்கே நான்கவுரி. இரண்டுக்கும் இடையே கடல் புகுந்த ஒரு பள்ளத்தாக்கு. கிழக்கு வாயிலுக்கு முன்னால் திரிங்கத் என்னும் தாழ்ந்த தீவு ஒரு திண்ணைபோல் படுத்துக்கிடக்கிறது. மேற்கே சற்றுத் தள்ளிக் கச்சால் தீவு. கச்சான் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை சீறி வரும்போது அதன் அலைவேகத்தைக் கச்சால் முதலில் வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தை மேற்கு வாயிலின் குறுகிய இடுக்கு தடுத்துவிடுகிறது. வாடை வீசும் பருவத்தில் திரிங்கத் காவல் நிற்கிறது. இரண்டு வாயில்கள் இருப்பது பாய்க்கப்பலுக்குப் பெரிய வசதி. ஒரு வாயிலில் எதிர்க்காற்று என்றால் மறு வாயிலால் வெளியேறலாம். இயந்திரக் கப்பலில் பழகிய நமக்கு இதன் அருமை தெரியாது.

இத்தீவுகளை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இராசேந்திர சோழன் 1025 இல் கடல் கடந்து வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. அதில் வரும் மாநக்கவாரம் நிக்கோபாரே என்பது அறிஞர் கொள்கை. ஆனால் சோழர் பெருமை பேசுவதோடு நாம் நின்றுவிடுகிறோம்; அத்தீவின் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பதில்லை. எனக்குச் சுவையாகப் படுவது அதுதான்.

சோழருக்கும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், கடாரத்திலிருந்து வங்கத்துக்குக் கப்பலேறிய சீனத் துறவி இ-சிங், வழியில் 'ஆடையற்றோர் நாடு' ஒன்றைக் குறிக்கிறார். கப்பலைக் கண்டதும் நூற்றுக்கணக்கில் தோணிகள் வந்து சூழ்ந்தனவாம். தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்களாம். அவர்கள் விரும்பியது இரும்பு ஒன்றையே. இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்தது. 851 இல் எழுதப்பட்ட அரபு நூலொன்றும், நீந்தியும் தோணியிலும் வந்து தேங்காயையும் அம்பரையும் கொடுத்து இரும்பு பெறும் தீவினரைச் சொல்லுகிறது. இரும்பு விளையாத நாட்டில் மரத்தைக் குடைந்து தோணி செய்பவனுக்கு இரும்பைவிட உயர்ந்த பொன் எது?

அத்தோணிகளைச் சுற்றி அவர்களுக்குள்ளேயே ஒரு வாணிகம் இருந்தது. சௌரா என்ற சின்னஞ்சிறு தீவில் பெண்கள் மட்பானை வனைவார்கள். களிமண் அங்கே கிடையாது. பக்கத்துத் தெரசாத் தீவிலிருந்து தோணியில் வரும். ஆனாலும் பானை செய்யும் உரிமை சௌராவுக்கே. பெருந்தோணிக்கு ஏற்ற மரமும் சௌராவில் இல்லை. நான்கவுரிப் பக்கத்திலும் அதற்குத் தெற்கிலும்தான் தோணி குடைவார்கள். அவற்றைச் சௌராவினர் வாங்கி, வடக்கே கார் நிக்கோபாரினருக்கு விற்பார்கள். கார் நிக்கோபாரினர் நேரே சென்று வாங்கத் துணியமாட்டார்கள். சௌராவினரின் மந்திர ஆற்றலில் அவ்வளவு அச்சம்! ஏறத்தாழ 70 கி.மீ. திறந்த கடலை, பக்கத்தில் மிதவைக்கட்டை பூட்டிய தோணியில், விண்மீன் பார்த்துக் கடந்து சௌராவுக்கே வருவார்கள். மண்ணும் இல்லாமல் மரமும் இல்லாமல் இரண்டிலும் தரகு பெற்ற சௌராவினர்தாம் உண்மையான எம்டன்கள் என்பேன்.

இனி ஐரோப்பியர் வந்த கதை. தரங்கம்பாடியை 1620 முதல் தம் கையில் வைத்திருந்த டேனியர், 1756 இல் நிக்கோபாரைத் தம் நாட்டு உடைமை என அறிவித்தனர். கிழக்கு நாடுகளுக்குச் செல்லும் வழியில் தங்குமிடம் ஒன்று. மிளகும் கரும்பும் பயிரிட நிலம். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. முதற் குடியேற்றம் பெரிய நிக்கோபாரில் தொடங்கிக் காய்ச்சலால் குலைந்தது, 1760 இல் கமோர்ட்டாவுக்கு மாறியது, அதுவும் குலைந்தது. 1768 இல் மொராவியச் சபைத் தொண்டர்கள் தரங்கம்பாடியிலிருந்து நான்கவுரிக்குச் சென்றனர். 1787 வரை தாக்குப் பிடித்தனர். அவர்களுள் 11 பேர் நான்கவுரி மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். மேலும் 13 பேர் தரங்கம்பாடிக்குத் திரும்பியதும் மாண்டனர். தப்பிய ஹேன்சல் என்பவர் எழுதிய கடிதங்கள் 1812 இல் லண்டனில் அச்சாயின.

இதற்கு நடுவே ஆஸ்திரியர்களும் முயன்றனர். 1778 இல் அவர்களது கப்பலொன்று நான்கவுரிக்கு வந்து, பேரரசர் கொடியை ஏற்றி, ஒரு சிலரை விட்டுச் சென்றது. அவர்களின் தலைவன் ஐந்தே ஆண்டில் இறந்தான், எஞ்சியோர் கலைந்தனர். டேனியர் விடாப்பிடியாக மீண்டும் மீண்டும் வந்து 1848 இல் கைவிட்டனர். 1868 இல் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். ஆங்கிலேயர் 1869 இல் கமோர்ட்டாக் கரையில் கைதிகளின் குடியிருப்பை அமைத்தனர். அப்பகுதியில் கப்பல்கள் கொள்ளையிடப்பட்டதைத் தடுப்பது நோக்கங்களுள் ஒன்று. கைதிகளைக் கொண்டு காடு வெட்டினர், சேற்றைத் தூர்த்தனர். 1888 இல் அவர்களும் மூடிவிட்டுப் போனார்கள். மிஞ்சியவை கல்லறைகளும் அகராதிகளுமே. அங்கே அதிகாரியாயிருந்த ரோப்ஸ்டோர்ஃப் தம் படையாள் ஒருவனாலேயே 1883 இல் கொல்லப்பட்டார். அவர் தொகுத்த நான்கவுரி மொழி அகராதி மறு ஆண்டு வெளிவந்தது. மேன் என்ற மற்றோர் அதிகாரியின் அகராதி 1889 இல் வந்தது.

இத்தனை பேரையும் விரட்டியது எது? தீவினர் அன்று, காய்ச்சல். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று அக்கால மருத்துவர் நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். கொசுவின் உடலில் அந்நோய்க் கிருமியை ரொனால்ட் ராஸ் செக்கந்திராபாத்தில் கண்டது 1897 இல். கைதிக் குடியிருப்பு மூடப்பட்டு அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நிக்கோபாரில் மலேரியாவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீர்க் குட்டையில் வாழ்வது அன்று. அனாபிலஸ் சண்டைக்கஸ் என்னும் அவ்வினம் உவர்நீரில் முட்டையிடுவது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓடை, அலையாத்திக் காட்டின் தேங்கிய நீர், இவையே அதன் தொட்டில். அலை மோதும் கரையில் அதன் குஞ்சு பிழைக்காது. அப்படியாயின், கப்பலுக்கு எந்த அமைதி வேண்டுமோ அதே அமைதிதான் கொசுவுக்கும் வேண்டும். கப்பல் தலைவன் 'இதுவே சிறந்த இடம்' என்று தேர்ந்த ஒவ்வொரு முறையும், அவனை அறியாமலே தன் ஆட்களைக் கொசுவின் வாயிலில் குடிவைத்தான். துறையின் குறையும் நிறையும் ஒரே ஊற்றில் பிறந்தவை.

காய்ச்சல் இல்லாதிருந்தால் நான்கவுரி ஒரு சிங்கப்பூராகி இருக்குமா? ஆகியிராது என்பதே என் எண்ணம். துறைமுகத்துக்குப் பின்னால் விளைச்சலும் சந்தையும் வேண்டும்; முன்னால் கப்பல் வழி வேண்டும். நான்கவுரியின் பின்னால் தேங்காய் மட்டுமே இருந்தது. அந்தத் தேங்காய்க்காக வந்த மரக்கலங்கள் சரக்கேற்றிக்கொண்டு பருவக்காற்றோடு போய்விட்டன. தீவினருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

ஒதுக்குப்புறம் என்பதன் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று வேறு விதமாகத் தெரிந்தது. ஆழிப்பேரலை மேற்கே திறந்து நின்ற கச்சாலை வாரிக்கொண்டு போயிற்று. நிக்கோபாரில் மிகப்பெரிய உயிரிழப்புக்கு ஆளான தீவுகளுள் அது ஒன்று. மற்றத் தீவுகளால் சூழப்பட்ட நான்கவுரியில் உயிரிழப்பு மிகக் குறைவு. தாழ்ந்து கிடந்த திரிங்கத்தைக் கடல் துண்டு துண்டாக வெட்டியது; அதன் மக்கள் கமோர்ட்டாவுக்குக் குடிபெயர்ந்தனர். நிலநடுக்கத்தில் நிலமே ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. பழைய தென்னந்தோப்புகளும் அலையாத்திக் காடுகளும் உப்புநீரில் நின்று பட்டுப்போயின. இரு நூற்றாண்டுக் கடற்படங்களில் இருந்த கரைக்கோடு இன்று இல்லை.

இன்று துறைமுகக் கனவு தெற்கே நகர்ந்திருக்கிறது. பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் பன்னாட்டுச் சரக்குத் துறைமுகம் ஒன்றும் அதை ஒட்டி நகரும் விமான நிலையமும் அமைக்க 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. கலத்தியா என்ற பெயரே 1846 இல் அங்கு வந்த டேனியக் கப்பலின் பெயர். அந்த விரிகுடா நான்கவுரிபோல் ஒதுங்கிய துறை அன்று. தெற்கே வாய் திறந்து நிற்பது. ஆனால் மலாக்கா நீரிணைக்குச் செல்லும் பெருங்கப்பல்களின் வழி அதற்கு மிக அருகில். கரையோரத்திலேயே ஆழமும் மிகுதி. அலைதாங்கிச் சுவரை மனிதன் கட்டிக்கொள்ளலாம் என்றாகிவிட்டபின், இயற்கை தரும் ஒதுக்கத்துக்கு விலை குறைந்துவிட்டது. அந்தக் கடற்கரையில் தோணியாமை முட்டையிட வருகிறது; உட்காட்டில் சோம்பென் மக்கள் வாழ்கிறார்கள். பேரலையில் ஊரிழந்து கிழக்குக் கரை முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்ட நிக்கோபாரியர் தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டு வருகின்றனர். திட்டத்துக்காகத் தாம் முதலில் அளித்த இசைவை அவர்களது பழங்குடி மன்றம் 2022 நவம்பரிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.