தைக்கக் கொடுத்த துணியும் தையல்காரியின் நேரமும்



பெருநாள் நெருங்கினால் எமது ஊர்களில் ஓய்வின்றி ஓடுவது தையல் மெசின்தான். முன்னறையில் ஒரு மெசினை வைத்துக்கொண்டு, பத்து வீட்டாரின் உடுப்புகளைத் தைத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் சில வருடங்களுக்கு முன் ஒரு பெருநாள் கழிந்த கையோடு தன் மகனிடம் எனக்கொரு கேள்வி எழுதி அனுப்பினார்.

இருபத்தைந்தாம் நோன்பு இரவு அவர் தராவீஹ் தொழுதுகொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாராம். கூலியும் பேசி, "பெருநாளைக்கு முன் வேண்டும்" என்று துணியைக் கொடுத்தாராம். மறுக்க நா வராமல் இவரும் வாங்கிக்கொண்டார். சட்டை முடிந்ததோ பெருநாளுக்கு மறுநாள். "பெருநாளைக்கு உதவாத சட்டைக்குக் காசு எதற்கு?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் சட்டையை மட்டும் எடுத்துச் சென்றுவிட்டார். "மௌலவி, எனக்குக் கூலி உண்டா, இல்லையா?"

இது பெண்களுக்குள் நடக்கும் சில்லறைப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். பிக்ஹ் நூல்களில் இஜாரா பாடத்தைத் திறந்தால் அடிக்கடி வரும் உதாரணமே தையல்காரர்தான். கூலிக்கு உழைப்பவர் இருவகை. ஒருவர் தன் நேரத்தை ஒருவருக்கே கொடுத்தவர். வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டவர் போல. மற்றவர் பலரிடமும் வேலையை ஏற்பவர். இவரிடம் உங்களுக்குரியது வேலை மட்டுமே. அவருடைய மணித்தியாலங்கள் உங்களுக்குச் சொந்தமல்ல. நேரத்தையே கூலிக்குக் கொடுத்தவருக்குக்கூட, பர்ளுத் தொழுகைக்கும் அதற்கான சுத்தத்துக்கும் உரிய நேரம் ஒப்பந்தத்தில் சேராது, அதற்காகக் கூலியைக் குறைக்கவும் கூடாது என்பது எமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அப்படியிருக்க, இரவு பத்து மணிக்கு, "ராத்தா, கை மட்டும் கொஞ்சம் பிடித்துத் தாருங்கள்" என்று வந்து நிற்பது எந்த உரிமையில்?

ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் இன்னொன்றையும் சொல்கிறார்கள். 'இந்தத் துணியை இன்றைய பகலுக்குள் தைத்துத் தா' என்று வேலையையும் நேரத்தையும் சேர்த்து நிபந்தனையாக்கினால், சரியான கருத்தின்படி அந்த ஒப்பந்தம் செல்லாது. ஏனெனில் வேலை முந்தியும் முடியலாம், பிந்தியும் போகலாம். சீக்கிரம் வேண்டும் என்பதற்காக நாளைச் சொன்னால் பாதகமில்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஒப்பந்தம் செல்லாது போனாலும், முடித்த வேலைக்கு அவ்வேலைக்கு வழமையாக உள்ள கூலி உண்டு. ஆகவே அந்தச் சகோதரிக்கு 'உண்டு' என்றே பதில் எழுதினேன். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருப்பதையும் குறிப்பிட்டேன். அதை அந்தப் பெண்ணிடம் காட்டினாரோ என்னவோ, காசு வந்து சேர்ந்தது.

ஆனால் கடிதத்தை அத்துடன் முடிக்கவில்லை. முடியாது என்று தெரிந்தும் துணியை வாங்கியது அவருடைய பிழை. வாக்களித்து மாறுவது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது தையல்காரிக்கும் சேர்த்துத்தான். எஞ்சிய துண்டுத் துணியும் அமானிதம். கேட்காமல் தலையணை உறை தைத்துவிடக் கூடாது!

கூலியைப் பேசாமல் "பார்த்துத் தாருங்கள்" என்று விடுவதும் ஆபத்து. கூலியே பேசாமல் தைத்துக் கொடுத்தவருக்குக் கூலி கிடையாது என்பதுதான் அதே மின்ஹாஜில் பலமான கருத்தாக இருக்கிறது. 'நான் சொன்னது இந்த மாதிரியல்ல' என்று தகராறு வந்தால், துணிக்காரரின் சத்தியமே ஏற்கப்படும். கூலியும் போய், துணிக்கு வந்த நட்டமும் தைத்தவர் தலையில் விழும். ஆகவே அளவு எழுதும் கொப்பியிலேயே மாதிரி, கூலி, கொடுக்கும் நாள் மூன்றையும் எழுதி, துணிக்காரரிடமும் காட்டிவிடுங்கள் என்றேன்.

அடுத்த வருடம் அவர் வீட்டுக் கதவில் ஒரு காகிதம் தொங்கியது: காலை 9 மணி முதல் லுஹர் வரை, அஸர் முதல் மஃரிப் வரை, பதினைந்தாம் நோன்புக்குப் பின் பெருநாள் ஓடர் எடுக்கப்படமாட்டாது. அந்த நோன்பில் இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டு துணியை வேறிடம் கொண்டுபோனார்களாம். அதற்கடுத்த நோன்பில் அவர்களில் ஒருவர் பத்தாம் நோன்பன்றே துணியோடு வந்துவிட்டார் என்று மகன் சொன்னான்.