மடக்கை வளைவரை

இயல் மடக்கை என்றதும் வாய்பாட்டுப் புத்தகமே உங்கள் நினைவிற்கு வரும். அதனை மூடி வைத்துவிட்டு ஒரு படம் வரையுங்கள். கிடை அச்சில் எந்த எண்ணோ, அதன் தலைகீழ் எண்ணே உயரம். 2-இல் 1/2, 3-இல் 1/3. இவ்வளைகோட்டின்கீழ் 1 முதல் ஓர் எண் வரையுள்ள பரப்பே அவ்வெண்ணின் இயல் மடக்கை.

1 முதல் 2 வரையுள்ள பரப்பை எடுத்துக்கொள்வோம். அகலத்தை மும்மடங்காக நீட்டி, உயரத்தை மூன்றிலொன்றாகக் குறுக்கினால் பரப்பு மாறாது. ஆனால் அது 3 முதல் 6 வரையுள்ள பகுதியின்மீது அப்படியே பொருந்திவிடும். ஆகவே 3-இன் மடக்கையுடன் 2-இன் மடக்கையைக் கூட்ட, 6-இன் மடக்கை வந்துவிடுகிறது. பெருக்கல் கூட்டலாகும் விந்தை இதுவே. இப்பரப்புண்மையை 1647-இல் வெளியிட்டவர் செயின்ட் வின்சென்ட் என்னும் பாதிரியார். அதில் மடக்கை ஒளிந்திருப்பதை 1649-இல் சுட்டியவர் சரசா.

இப்பரப்புகளையே உயரங்களாகக் குறித்தால் மடக்கை வளைவரை கிடைக்கும். 1-இல் அது அச்சைக் கடக்கிறது. 10-இல் சாய்வு 1/10, 100-இல் 1/100. சாய்வு தேய்வதால் ஏற்றம் எங்கேனும் நின்றுவிடும் என்று எழுதுவோர் இல்லாத வகுப்பை நான் கண்டதில்லை. நிற்காது! எண்ணை இரட்டிக்குந்தோறும் உயரம் ஏறத்தாழ 0.693 கூடியே தீரும், இரட்டிப்பதற்கோ எல்லையில்லை. பொறுமைதான் வேண்டும். ஓரலகு ஒரு சென்டிமீட்டரானால், 10 சென்டிமீட்டர் உயர 220 மீட்டர் செல்லவேண்டும். 20 சென்டிமீட்டர் உயர 4,851 கிலோமீட்டருக்கும் மேல். 1-க்கு இடப்புறமோ, எண்ணைப் பாதியாக்குந்தோறும் அதே 0.693 இறங்கி, செங்குத்து அச்சை நெருங்கியும் தொடாமலே கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.