பல நாட்டுப் பண்

அமெரிக்க நாட்டிலே பாட்டும் தாமே புனைந்து, மெட்டும் தாமே அமைத்து, கித்தாரை மீட்டித் தாமே பாடும் கலைஞர் பலர் உளர். அவருள் பால் சைமன் புகழ் மிக்கவர். 1941ஆம் ஆண்டில் பிறந்த அவர், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தார். தந்தையார் இசைக்குழு நடத்தியவர். பள்ளித் தோழர் ஆர்ட் கார்பங்கலும் சைமனும் எவர்லி உடன்பிறந்தாரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, இரு குரல்களை இழைத்துப் பாடும் முறையைப் பயின்றனர். 1957ஆம் ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்ட முதல் தட்டு அப்பயிற்சியின் பயனே ஆகும்.

சைமனின் செவி தம் ஊரோடு நின்றுவிடவில்லை. 1970ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவிய பாட்டு, 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்'. கலங்கிய நீர்மேல் அமைந்த பாலம் என்பது அதன் பொருள். கறுப்பின மக்கள் தேவாலயங்களில் பாடும் காஸ்பெல் இசையே அதற்குத் தாய். ஸ்வான் சில்வர்டோன்ஸ் குழுவின் கிளாட் ஜீட்டர் ஒரு பாட்டினிடையே உதிர்த்த ஓர் அடி சைமனின் உள்ளத்தில் தைத்தது. அதிலிருந்தே பாட்டு முளைத்தது. பியானோவுடன் மெல்லத் தொடங்கும் குரல், படிப்படியாக உயர்ந்து, முடிவில் பல கருவிகளின் முழக்கத்தோடு கலக்கின்றது. தேவாலயப் பாடகர் கையாளும் முறையும் இதுவே. ஜீட்டரையே பின்னர்த் தம் பாட்டொன்றில் பாடவைத்தார் சைமன்.

எனினும், கடன் கொண்ட இடமெல்லாம் இவ்வாறு இனிதே முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, 'ஸ்கார்பரோ ஃபேர்' என்னும் பழம்பாட்டை மார்ட்டின் கார்த்தி கித்தாரில் அமைத்துப் பாடிய முறையை அவர் கற்றார். பாட்டு பொதுச்சொத்து, அமைப்போ கார்த்தியினுடையது. 1966ஆம் ஆண்டுத் தட்டில் அவர் பெயர் இல்லை. அம்மனக்கசப்பு நீங்கி, இருவரும் ஒரே மேடையில் அப்பாட்டைப் பாடியது 2000ஆம் ஆண்டிலேதான். பாரிசு நகரில் கேட்ட ஆண்டிஸ் மலைநாட்டு மெட்டு ஒன்றையும் வழிவழி வந்த நாட்டுப்பாடல் என்றே சைமன் எண்ணினார். அதுவோ பெரு நாட்டு டேனியல் ஆலோமியா ரோப்லெஸ் 1913ஆம் ஆண்டில் ஓர் இசை நாடகத்திற்காக இயற்றியது! ரோப்லெஸின் மைந்தர் வழக்குத் தொடுத்தார். வழக்கு பகையின்றித் தீர்ந்தது.

இவற்றினும் பெரிய சிக்கல் 'கிரேஸ்லாண்ட்' இசைத்தட்டால் எழுந்தது. தென்னாப்பிரிக்க இசை அடங்கிய ஒலிநாடா ஒன்றில் மனத்தைப் பறிகொடுத்த சைமன், 1985ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் சென்றார். நிறவெறி ஆட்சி அங்கே கோலோச்சிய காலம் அது. அந்நாட்டோடு கலை உறவு கொள்ளலாகாது என ஐக்கிய நாடுகள் அவை 1980ஆம் ஆண்டில் உலகக் கலைஞரை வேண்டியிருந்தது. சைமனோ அரசினரை நாடவில்லை. கறுப்பின இசைவாணரையே நாடினார். அவர்களுக்கு உயர்ந்த ஊதியம் அளித்தார். உடன் இயற்றியோரின் பெயரையும் பொறித்தார். அவருள் ஜோசப் ஷபலாலா ஒருவர். அவர்தம் லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ குழு பாடுவது 'இசிக்கதமியா' என்னும் சூலு மக்களின் இசை. வீட்டை விட்டுப் பிரிந்து சுரங்க விடுதிகளில் வாழ்ந்த தொழிலாளரிடையே வளர்ந்தது அது. கருவி ஏதுமின்றிக் குரல்களே ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வரும். ஆடும் அடிகளும் ஓசைபடாமல் மெல்ல மிதிக்கப்படும்.

1986ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தட்டு கிராமி பரிசு பெற்றது. ஷபலாலாவின் குழுவும் உலகப் புகழ் எய்தியது. ஆயினும், 'அடிமைத்தளையில் கிடக்கும் மக்களின் போராட்டத்தைக் கலைஞர் ஒருவர் தம் விருப்பத்திற்காக மீறலாமோ?' என்று பலர் கடிந்தனர். 'அந்த இசைவாணரின் குரலை உலகம் கேட்டது தீதோ?' என்று வேறு பலர் வினவினர். இரு திறத்தார் சொல்லிலும் வலிமை இருந்தது. கலைத்தடை நீங்கிய பின், 1992ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் இசைவோடு சைமன் அந்நாட்டில் பாடினார். அப்போதும் எதிர்ப்போர் இருந்தனர்.