டி.வி.யை மாற்றுவதா, ஸ்டிக்கை மாற்றுவதா?

அரிசி, பருப்பு, எண்ணெய் விலை பேசும் பக்கத்தில் டி.வி.க்கு என்ன வேலை என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். சென்ற தீபாவளிக்கு முன் நம் வீட்டில் எழுந்த பேச்சுதான் காரணம். "தாத்தா, படம் நின்னு நின்னு சுத்துது, புது டி.வி. வாங்கலாம்" என்றான் பேரன். விசாரித்தால் 30,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் பேசவில்லை. பார்த்தால் கோளாறு டி.வி.யில் இல்லை, அதன் பின்னால் சொருகியிருந்த விரல் நீள ஸ்டிக்கில் இருந்தது.

ஆரணிக்காரருக்குத் தறியை வைத்துச் சொன்னால் விளங்கிவிடும். சேலையில் புது டிசைன் வேண்டும் என்று யாரும் தறியை உடைப்பதில்லை. ஜக்கார்டு அட்டையைத்தான் மாற்றுகிறார்கள். திரை தறி போன்றது. இணையத்தில் வரும் படத்தைப் பிரித்துத் திரைக்குத் தருவது ஸ்டிக்.

இந்த ஸ்டிக் ஒரு சிறு கம்ப்யூட்டர். 2017-ல் அமேசான் நிறுவனம் நம் நாட்டில் 3,999 ரூபாய்க்குக் கொண்டுவந்த ஃபயர் டி.வி. ஸ்டிக்கில் நினைவகம் 1 ஜி.பி., சேமிப்பிடம் 8 ஜி.பி. மட்டுமே. ஆப்களோ ஆண்டுக்காண்டு பெருக்கின்றன. கிடங்கு அதே அளவில் இருக்க, சரக்கு மட்டும் வந்து குவிந்தால் மூட்டை எடுக்க வழி இருக்குமா? அந்தக் கதைதான்.

இன்னொரு விதத்திலும் பழையது நின்றுபோகும். கூகுள் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் 2015-ல் வந்தது. அதனுள் வைத்த பத்தாண்டுச் சான்றிதழ் 2025 மார்ச்சில் காலாவதியானதால் உலகெங்கும் ஒரே நாளில் படுத்துவிட்டது. சில நாட்களில் நிறுவனம் சரிசெய்தது. அதற்குள் அவசரப்பட்டு 'ஃபேக்டரி ரீசெட்' செய்தவர்களுக்குத்தான் கூடுதல் தொல்லை.

பணம் எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டி.வி. அருகில் நின்று அதே வைஃபையில் அதே படத்தைச் செல்போனில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் தடுமாறினால் குற்றம் இணைப்பில். ஸ்டிக்கை மாற்றிப் பயனில்லை. செல்போனில் ஒழுங்காக ஓடினால், வேண்டாத ஆப்களை நீக்கி ஸ்டிக்கை அணைத்துப் போடுங்கள். ஸ்டிக்குக்கு மின்சாரம் டி.வி.யின் யு.எஸ்.பி.யிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். அது போதாமலும் அணைந்து அணைந்து எழும். உடன் வந்த அடாப்டரே சரி. இத்தனைக்கும் மசியவில்லை என்றால் புதியது வாங்கலாம்.

டி.வி. 4கே இல்லையென்றால் 4கே-க்காகப் பணம் கூட்டித் தர வேண்டாம். இருந்தாலும், நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு 15 எம்.பி.பி.எஸ். வேகம் கேட்கிறது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டி.வி. இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதில் எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயருக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி தனியாக வாங்க வேண்டும்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பெயர் தெரியாத கம்பெனியின் ஆண்ட்ராய்டு பெட்டியை, "எல்லாப் படமும் இலவசம்" என்று மலிவாக விற்பார்கள். நாமும் ஒன்று வாங்கி ஏமாந்தோம். இத்தகைய பெட்டிகள் பலவற்றில் விற்பனைக்கு வரும்போதே கள்ள மென்பொருள் இருப்பதை 2023-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 'பேட்பாக்ஸ்' என்று அதற்குப் பெயர். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் எச்சரித்தது: வீட்டு இணைப்பு வழியாகக் குற்றவாளிகள் தங்கள் வேலையை நடத்திக்கொள்கிறார்கள். விசாரணை வந்தால் முகவரி நம்முடையதாக இருக்கும். நம்மில் பலருக்குக் கடையும் வீடும் ஒன்றே. வங்கிக் கணக்குப் பார்க்கும் செல்போனும் அதே வைஃபையில்தான். ஐந்நூறு, ஆயிரம் மிச்சப்படுத்த இந்தத் திருடனை உள்ளே விட வேண்டுமா?

பில் கேட்டு வாங்குங்கள், வாரண்டிக்கு உதவும். ஆனால் வீட்டுக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் எழுதி ஜி.எஸ்.டி. வரவு எடுக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு அது கிடையாது. ஆடிட்டரிடம் கேட்டுத் திட்டு வாங்கிய பிறகே இதைச் சொல்கிறோம்.

நமக்கு ஆன செலவு 5,000 ரூபாய்க்குள். பழைய ஸ்டிக்கிலிருந்து நம் கணக்கை எடுத்து, ரீசெட் செய்து, கிடங்குப் பையனுக்குக் கொடுத்தோம். கணக்கோடு கொடுத்திருந்தால் அவன் பார்க்கும் வாடகைப் படத்துக்கு நம் கார்டில் பணம் போயிருக்கும். அவன் வைத்திருப்பது இரண்டே ஆப். அங்கே அது ஒழுங்காக ஓடுகிறதாம்.